எலிக்குட்டியின் முதல் பல்

அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிக் கட்டடங்களில் கயிறும் கிரீஸுமாகக் கழியும். மகள் அவன் கைக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளிலும் பங்குக்கு ஆள் வந்துவிடுவான்: மனைவியின் தம்பி.

மச்சினன் சலூன் வைத்திருந்தான். கடை திறப்பது பதினொரு மணிக்கு. அதுவரை தினமும் அக்கா வீட்டில்தான் இருப்பு; ஞாயிறன்று கடையை வேலையாளிடம் விட்டுவிடுவான். எட்டு மாதக் குழந்தைக்கு ஈறு குறுகுறுக்கத் தொடங்கியதிலிருந்து கட்டில் விளிம்பு, சீப்பு, சாவிக்கொத்து என்று எதையும் அவள் கடிக்காமல் விட்டுவைக்கவில்லை. எலிக்குட்டி என்று பெயர் வைத்ததே மாமன்காரன்தான். அவன் சட்டைக் காலர் வாயில் இருந்தால் அவளுக்கு உலகமே வேண்டாம். ஞாயிறன்று பூங்காவோ கடற்கரையோ, அவள் சிணுங்கினால் போதும், "தம்பிகிட்ட குடுங்க" என்பாள் மனைவி. கொடுத்ததும் அழுகை நின்றுவிடும். மெக்கானிக்குக்கு வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை மச்சினன் போன் செய்தான். "நாளைக்கு எத்தனை மணிக்கு மாமா கிளம்புறோம்?"

"பத்து மணிக்கு மாப்ள" என்றான், நாக்குக் கூசாமல்.

மறுநாள் எட்டுக்கே மனைவியையும் குழந்தையையும் கிளப்பிவிட்டான். தம்பி வரலையா என்று அவள் கேட்டதற்கு, அவனுக்கு ஏதோ வேலை இருக்காம் என்று சொல்லி முடித்துவிட்டான்.

ஏரியில் படகு நடுவுக்கு வருவதற்குள் குழந்தை வீறிட ஆரம்பித்தாள். பால், கிலுகிலுப்பை, ரப்பர் வளையம் எதுவும் எடுபடவில்லை. படகில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கரை இறங்கும்போது மனைவியின் போன் அடித்தது. தம்பி பேசுவது மெக்கானிக்குக்கும் கேட்டது.

"அக்கா, வீடு பூட்டிக் கிடக்கு. பத்துன்னுதானே மாமா சொன்னாரு?"

போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

"கிடைக்கிறதே ஒரு நாள். அன்னிக்கும் அவன் தோள்ல இருந்துக்கிட்டு, லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த ஆளைப் பாக்குற மாதிரி என்னைப் பாக்குறா."

அவள் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். "அப்போ நீங்களே பாருங்க" என்று ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மரத்தடியில் நடந்தான். தலையில் அடித்தாள், காதைப் பிய்த்தாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவி, விரலை மடக்கிக் கணுவை அவள் வாயில் வைத்தான். முதலில் துப்பினாள். பிறகு பிடித்துக்கொண்டு ஆசை தீரக் கடித்தாள். திடீரென்று சுருக்கென்றது. உதட்டை விலக்கிப் பார்த்தான். கீழ் ஈறில் குருணை அளவுக்கு ஒரு வெள்ளை.

உடனே மனைவியிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அது தன்னிடம் மட்டும் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் சொன்னான். அவள் பார்த்த கையோடு தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். பல் முளைத்த சேதியைச் சொன்னாள்.

"நான் இல்லாத நாளாப் பாத்து வந்திருக்கு" என்றான் மச்சினன்.

அந்தக் குரல் மெக்கானிக்குக்குப் பழக்கமான குரல். இத்தனை மாதமாக அவனுக்குள் புலம்பிக்கொண்டிருந்ததுதான். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. அந்த இனிப்பு தொண்டை வரை இறங்கவில்லை.

"பொய் சொல்லிட்டேன் மாப்ள."

"தெரியுது மாமா. உங்க வீட்டுப் படியிலதான் உக்காந்திருக்கேன். வாங்க."

வீட்டுக்கு வந்ததும் மச்சினன் கை நீட்டினான். குழந்தை அப்பன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இப்படி ஒரு நாள் வராதா என்று எத்தனை ஞாயிறு ஏங்கியிருப்பான். ஆனால் நீட்டிய கை நீட்டியபடியே நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

"கையைக் கழுவிட்டு வந்து விரலைக் குடு" என்றான்.

எலிக்குட்டி கடித்தாள். மச்சினன் முகம் சுளித்து, பிறகு சிரித்தான். "நம்ம கடைக் கத்திரி தோத்துடும் மாமா."

வியாழக்கிழமை இரண்டாவது பல் முளைத்தது. அதை மச்சினன்தான் முதலில் பார்த்தான். வேலையிடத்துக்கே போன் செய்து சொன்னான். மெக்கானிக் "அப்படியா, சந்தோஷம்" என்றான். வைத்த பிறகு ஒரு போல்ட்டை வேண்டிய அளவுக்கு மேலேயே முறுக்கினான். அன்று மாலையே மேற்பார்வையாளரிடம் போய், இனி புதன்கிழமைகளில் மதியத்துக்கு மேல் வருகிறேன் என்று கேட்டான்.

"என்னப்பா விஷயம்?"

"பல்லு சார்."

அவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, நல்ல டாக்டராகப் பார் என்று சொல்லி அனுப்பினார்.