மூன்று டிகிரி

காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்தில் காலை ஏழு மணிக்கே வரலட்சுமியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரும்புக்குப் பெயின்ட் அடிக்கலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அன்று ஒரு சரக்குப் படகின் பக்கத் தகடு. பெயின்டிங் கான்டிராக்டரின் புது மேஸ்திரி ஆட்களைச் சாரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் திரும்பியதும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நெல்சன்.

"இன்னா வரா, நல்லாக்கீறியா?"

"கீறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இரண்டு தெர்மாமீட்டர் பொருத்திய கட்டையைப் பிடித்துக் கரகரவென்று சுழற்றினாள். ஒன்று சும்மா இருக்கும், இன்னொன்றின் நுனியில் ஈரத்துணி. துணி காயும்போது அந்தப் பக்கம் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருந்தால் துணி காயாது, வித்தியாசமும் குறைவு. இன்று முப்பதும் இருபத்தேழரையும். அட்டவணையில் பார்த்தாள்: ஈரப்பதம் எண்பத்திரண்டு, பனிநிலை இருபத்தாறு புள்ளி ஏழு. அந்த அளவுக்குக் குளிர்ந்த எதன்மேலும் காற்றிலுள்ள நீர் வியர்வையாய்ப் பூத்துவிடும். அதைவிட மூன்று டிகிரியாவது சூடாக இருந்தால்தான் இரும்பில் பெயின்ட் நிற்கும். தகடு இருபத்தொன்பதில் இருந்தது.

எண்ணூரில் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அட்டவணைப் புத்தகம் மழையில் ஊறிப்போன ஒரு வாரம், எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஐஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, வெளிப்பக்கம் மங்கும் நொடியில் தெர்மாமீட்டரைப் பார்த்தே பனிநிலையைப் பிடித்தார்கள். அரை டிகிரிக்காகச் சண்டை போட்டுக்கொள்வார்கள். அது ஒரு காலம்.

பிறகு ஓர் ஐப்பசிக் காலையில், அவள் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தபோது, நெல்சன் அவள் பெயரில் ஏதோ ஒரு நம்பரை எழுதி அனுமதி கொடுத்துவிட்டான். மழை முடிவதற்குள் டேங்கில் பெயின்ட் அப்பளமாய் உப்பி உரிந்தது. இரண்டு பேருக்கும் வேலை போனது. பதினெட்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

"இருபத்தொன்பதுதான் கீது. அடிக்க முடியாது" என்றாள் இப்போது. சாரத்தில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவன் மல்லுக்கு நிற்பான் என்று நினைத்தாள்.

நெல்சன் மேலே பார்த்துக் கத்தினான். "எறங்குங்கப்பா. இரும்பு சூடாவட்டும்."

நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"அந்த டம்ளரு நெனப்பு கீதா?"

"மீன்காரம்மா பெட்டியில சுட்ட ஐஸு. அந்த நாத்தத்துலயே நீ டீயும் குட்ச்ச."

சிரித்தார்கள். அப்புறம் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மேனேஜரு மெரட்டுனதாலதான் அந்த நம்பர எழ்தினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தனும் மெரட்டல. சோம்பேறித்தனம். கட்டையச் சுத்திப் பாக்காம வூட்டுக்கு ஓடுனேன்."

வரலட்சுமி டீயைக் கீழே வைத்தாள். பயந்துபோய்ச் செய்தான் என்று நம்பித்தான் அவனை இத்தனை வருஷம் பாதி மன்னித்து வைத்திருந்தாள். இப்போது அதுவும் இல்லை. ஆனால் கோபம் வரவில்லை. அரை டிகிரிக்குச் சண்டை போட ஆளில்லாத எத்தனையோ காலைகள்தான் ஞாபகம் வந்தன.

"சோம்பேறி நாயே" என்றாள். அவன் தலையாட்டினான்.

பத்து மணிக்கு வெயில் தகட்டில் நேராக விழுந்தது. இம்முறை நெல்சன் சுழற்றினான். அவன் சொன்ன எண்களை அவள் தானும் ஒருமுறை பார்த்துச் சரியென்ற பிறகே எழுதினாள். தகடு முப்பத்துமூன்று; பனிநிலை ஏறவில்லை. கையெழுத்துப் போட்டாள். மத்தியானக் கடல்காற்று ஈரத்தைச் சுமந்து வருவதற்குள், பன்னிரண்டு பேரும் அடித்து முடித்துவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் திறந்தபோது, கூப்பிடாமலே அவன் எதிரே வந்து உட்கார்ந்தான். அவள் மூடியில் பாதிச் சோற்றைத் தள்ளி, அதன்மேல் சங்கரா மீன் துண்டு ஒன்றையும் வைத்தாள்.