சமமாகாத கண்கள்

நான் கண் பார்க்கிறவள். ஆஸ்பத்திரியில் இல்லை, பொம்மைக் கம்பெனியில். துணிக்கடைகளில் சட்டையும் கவுனும் மாட்டிக்கொண்டு நிற்குமே ஆள் உயரப் பொம்மைகள், அவற்றின் தலைகளுக்கு எங்கள் கூடத்தில்தான் கண் வரைகிறார்கள். வரைகிறவர்கள் நான்கு பேர். முடித்த தலை என் மேஜைக்கு வரும். இரண்டு கண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கழுத்தின் உள்பக்கம் ஒரு டிக் போட்டால் அது கடைக்குப் போகும். இமை ஒரு நூல் ஏறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்குப் பின்னால் என்னைக் 'கழுகு' என்பார்கள். முன்னால் சொன்னாலும் எனக்கொன்றுமில்லை.

நால்வரில் ஒருத்தி என் தங்கை. இந்த வேலைக்கு அவளை நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். அவளுக்குக் கை சுத்தம். குழந்தைத் தலைகள் எல்லாம் அவளுக்குத்தான் போகும், சின்ன முகத்தில் கண் வைப்பது எல்லாருக்கும் வராது.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவள் மகள் செத்துப்போனாள். ஒன்பது வயது. வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம், ஓர் இடத்தில் கால் தரிக்காது. பள்ளிக்கூடம் விட்டு ரோட்டைக் கடக்கும்போது ஒரு வேன் தட்டிவிட்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, அடி எல்லாம் தலைக்குள்ளே. ஆறு நாள் படுத்திருந்தாள், தானாகக் கண் திறக்கவே இல்லை.

அதற்கப்புறம் தங்கைக்குப் பேச்சு நின்றுபோனது. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். மூன்றாவது வாரம் தானாகவே கிளம்பி வேலைக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் என்னை வாசலில் நிறுத்தி, "அக்கா, பிரஷ்ஷைக் கையில எடுத்தாத்தான் அவளுக்கு மூச்சே வருது. அந்த மேஜையும் போச்சுன்னா அவளை உசுரோட நம்ம பாக்க முடியாது. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். சரி மாப்பிள்ளை என்றேன்.

அவள் வரைந்த முதல் தலை என்னிடம் வந்தது. வலது கண்ணின் கருமணி சின்னதாக, ஒழுங்காக இருந்தது. இடது கருமணி அதைப்போல இரண்டு பங்கு. மற்றபடி இமையும் புருவமும் கச்சிதம். கை தவறி வந்த கோணல் இல்லை அது. அடுத்த தலையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

அந்தக் கண்களை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் காலையும் மாலையும் வாலுவின் இமைகளைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பாள். இடது பெரியதாகவே இருக்கும், வெளிச்சத்துக்குச் சுருங்காது. உள்ளே வீக்கம் என்றார்கள். அக்காவும் தங்கையும் நாள் முழுக்க இரண்டு கண்ணைச் சமமாக்கியே பிழைப்பவர்கள். எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? சமமாகிவிட்டால் போதும், பிள்ளை எழுந்துவிடுவாள் என்று வராந்தாவில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லியே ஐந்து நாளை ஓட்டினோம்.

ஆறாம் நாள் காலையில் உள்ளே இருந்தது நான். நர்ஸ் இமைகளைத் தூக்கினாள். இரண்டும் ஒரே அளவு, அச்சு அசல். நர்ஸ் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. வெளியே ஓடிவந்து தங்கையைக் கட்டிப்பிடித்து, "சமமாயிடுச்சுடி! பொழைச்சுக்கிட்டா!" என்று கத்தினேன். தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். பத்து நிமிஷம் அந்தச் சிரிப்பு அவளிடம் இருந்தது. பிறகு டாக்டர் வந்து விளக்கினார். பெரியது சுருங்கவில்லையாம், சின்னதும் விரிந்துவிட்டதாம். அதற்கு அர்த்தம் வேறாம், மூளை நின்றுவிட்டதாம்.

என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம். நான் சொன்னதைப் பற்றி அவளும் ஒருநாளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

அதனால் டிக் போட்டேன். பன்னிரண்டு தலைகளுக்கும் போட்டேன். கழுகு என்று பேர் வாங்கியவள், தெரிந்தே போட்டேன்.

பதினைந்து நாளில் பன்னிரண்டும் திரும்பி வந்தன. எங்கள் சூப்பர்வைசருக்குப் 'பட்டாசு' என்று பேர், வெடித்து முடித்ததும் அடங்கிவிடுவார். பெட்டிகளைப் பிரித்துத் தலைகளைத் தங்கையின் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"கடைக்கு வர்ற குழந்தைங்க இதைப் பாத்து அழுவுதாம். போன்லயே என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாரு கடைக்காரரு. நீங்களா இதுக்கு டிக் போட்டீங்க?"

"நான்தான்."

"கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கையிடம் திரும்பினார். "ஏம்மா, நீ சொல்லு. உன் கை இப்படிப் போகாதே. என்ன இது?"

"இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் தங்கை. இரண்டு மாதத்தில் அவள் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம்.

"எதும்மா?"

"அவ கண்ணு. இப்படி இருந்த வரைக்கும் உசுரோட இருந்தா."

பட்டாசு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, வாலுவைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு பக்கம் தோள் கொடுத்தவர். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா மேல இருக்கிறவங்களுக்குப் புரியாது. இன்னிக்குள்ள சரியாகலேன்னா உன்னை பேக்கிங்குக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. அப்புறம் பிரஷ்ஷு கைக்கு வராது. தின்னர் போட்டு அழிக்காதே, முகத்துப் பெயின்ட்டும் சேந்து உரிஞ்சிடும். சின்னதைக் கொஞ்சம் பெருசாக்கிடு, போதும். ரெண்டும் சமமாயிடும்."

பாவம், என்ன சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அவ தொட மாட்டா. நானே எல்லாத்தையும் துடைக்கிறேன். முகம் உரிஞ்சா உரியட்டும், உக்காந்து புதுசா அடிக்கிறேன். ரெண்டையும் சின்னதா வைக்கிறேன், நல்ல கண்ணா வைக்கிறேன்..."

"அக்கா, நீ சும்மா இரு."

தங்கை பிரஷ்ஷை எடுத்தாள். கறுப்பைத் தொட்டு, முதல் தலையின் வலது கருமணியைச் சுற்றிலும் விரித்துக்கொண்டே போனாள். முடித்துவிட்டுத் தலையை என்னிடம் நீட்டினாள்.

"பாரு. சமமாயிடுச்சா?"

பார்த்தேன். தலையை மேஜையில் வைக்கப் போனேன்.

"கேக்கறேன்ல? நீதானே பாக்கிறவ. சமமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"ஆயிடுச்சுன்னா என்ன?"

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. இந்த ஒன்றை என் வாயால் கேட்கத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போயிட்டாடி" என்றேன். "வாலு போயிட்டா. அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

தலையை ஆட்டினாள். இரண்டாவது தலையைத் தன் பக்கம் இழுத்தாள். நான்காவது வரையும்போது அழ ஆரம்பித்தாள், வாயைத் திறந்து, ஓவென்று. கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கை மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் முடித்து என்னிடம் நீட்டினாள், ஒவ்வொன்றுக்கும் என்னவென்று கேட்டாள். பன்னிரண்டு தடவையும் நான் அதையே சொன்னேன்.