இதயத்துக்கு ஒரு டம்ளர் சாறு

முப்பது வருடமாக அடுத்தவர் சாக்கடையில் கைவிட்டுச் சம்பாதித்தவர் குழாய்க்காரர். அடைத்த கழிப்பறையைத் திறந்துவிட்டு, கை கழுவிய கையோடு ரொட்டி தின்ற வயிறு அது. புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கியதும் சோப்பு வாசனைக்கே குடலைப் புரட்டியது. வாயெல்லாம் துருப்பிடித்த இரும்பை நக்கிய ருசி. அதை எப்போது நக்கினார் என்று கேட்கக்கூடாது. தொழிலில் எல்லாம் உண்டு.

நரம்பில் ஏறும் சிவப்பு மருந்து கட்டியோடு நிற்காமல் இதயத்தையும் பதம் பார்க்குமாம். அதனால் அவ்வப்போது இதயத்துக்கு எக்கோ ஸ்கேன்; இதயத்தைக் காக்க தினம் ஒரு மாத்திரை. மாத்திரைப் பொறுப்பெல்லாம் அக்காவுடையது. அவள் தன் பங்குக்கு இன்னொரு காவலையும் போட்டாள். யாரோ சொன்னார்கள் என்று தினமும் ஒரு டம்ளர் இலைச்சாறு. குளத்துப் பாசியை மிக்சியில் அடித்த நிறம். மேலே நுரை, அடியில் நார், நடுவில் நாற்றம்.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டு குடிச்சிடுடா. இதயத்துக்கு நல்லது."

"என் இதயம் வாய் வழியா வெளிய வந்துரும்போல இருக்குக்கா."

அவள் திரும்பியதும் சாறு சிங்க்குக்குள் போகும். வாயை மட்டும் துடைத்துக்கொள்வார்.

இந்தமுறை எக்கோ அறையில் குளிர்ந்த ஜெல்லை நெஞ்சில் தடவினார்கள். நத்தை ஊர்வதுபோல் இருந்தது, ஓங்கரித்து அடக்கினார். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் முகம் சுளித்தார்.

"பம்ப் பண்ற சக்தி குறைஞ்சிருக்கு. இப்படி இருந்தா அடுத்த டோஸ் போட முடியாது. மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா?"

"ஒரு நாள் தவறல டாக்டர்," என்றாள் அக்கா. "இவன் சின்ன வயசுலேருந்தே மாத்திரைய நாக்குக்கு அடியில வெச்சுத் துப்புறவன். வாந்தி மாத்திரையதான் கெஞ்சி வாங்கிப் போட்டுக்குவான். இதய மாத்திரைய நானே நசுக்கி சாறுல கலந்துடுவேன்."

குழாய்க்காரர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"அக்கா... அந்தச் சாறு..."

"சாறுக்கு என்ன?"

"சிங்க் குடிச்சிடுச்சு."

அக்கா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, காலியான குழிகளை எண்ணினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. டாக்டர்தான் பெருமூச்சு விட்டார். "இப்பவாவது சொன்னீங்களே. சாறு இனிமே வேண்டாம், அது என்னன்னே எனக்குத் தெரியல. மாத்திரைய முழுசா தண்ணியோட போடுங்க. மறுபடி எக்கோ பார்த்துட்டு டோஸ் பத்தி முடிவு பண்ணுவோம்."

வீட்டுக்கு வந்தால் சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை. பழக்க தோஷம், குனிந்து அடியிலிருந்த வளைகுழாயைக் கழற்றினார். பச்சைக் கூழ் வழவழவென்று உள்ளங்கையில் விழுந்தது. அழுகிய நார், வெள்ளைப் பொடி. ஊரில் எந்தச் சாக்கடைக்கும் குமட்டாதவர், தன் வீட்டுச் சாக்கடைக்கு வாந்தி எடுத்தார். இந்தக் குழாய்க்கு மட்டும் இதயம் இருந்தால் நூறு வயது வரை துடிக்கும்.

முகம் கழுவிவிட்டு வந்தபோது, அக்கா காலையில் வடித்து மீந்த சாற்றை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"அவ்வளவு மோசமாவா இருக்கும்?"

ஒரு வாய் குடித்தாள். கண் பிதுங்கியது. ஓடிப்போய் சிங்க்கில் துப்பினாள், கழற்றிய குழாய் வழியே அது பக்கத்தில் நின்ற அவர் கால்மேலேயே கொட்டியது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா!"

"நீ குடுத்ததாச்சே, எப்படிக்கா சொல்றது?"

அவள் மாத்திரையைக் கொடுத்தாள். வெறும் தண்ணீரோடு விழுங்கினார்.

"வாயத் திற. நாக்கத் தூக்கு."

தூக்கிக் காட்டினார்.