இடுப்பைப் பின்னால தள்ளுக்கா

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. முட்டி வலியோடு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன். எனக்குச் சொல்லித்தர வேண்டிய பயிற்சியாளர் என்னை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, தன் அக்காவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சண்டை ஸ்குவாட் பற்றி, அதாவது இடுப்பைத் தாழ்த்தி உட்கார்ந்து எழும் பயிற்சி.

பயிற்சியாளரை இனிச் சின்னவள் என்கிறேன். அக்கா பெரியவள், பள்ளி வேன் ஓட்டுகிறவள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'வியர்வை நெடி வீசிய அந்தக் கூடத்தில், வாழ்க்கையின் பாரம்'

வேண்டாம். (பாரம், சுமை என்று யாராவது தொடங்கினாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானே தொடங்கினாலும்தான்.)

நேராகவே வருகிறேன்.

"இடுப்பை முதல்ல பின்னால தள்ளுக்கா. பின்னாடி ஸ்டூல் இருக்கு, அதுல உக்காரப் போறேன்னு நெனச்சுக்கோ."

"நாலு பேர் பாக்கறாங்கடி. அசிங்கமா இருக்கு."

பெரியவள் இடுப்பை அசைக்காமல் முட்டியை மட்டும் மடக்கினாள். குதிகால் தரையை விட்டு எழும்பியது. இரண்டு முட்டிகளும் இரகசியம் பேசப் போவதுபோல் ஒன்றையொன்று நெருங்கின.

"முட்டி உள்ள போகுது! கால்விரல் பாக்கற பக்கமே முட்டியும் போகணும். எத்தனை தடவ சொல்றது?"

"உன்னைத் தூக்கிச் சுமந்தவ நான். எனக்கே தூக்கச் சொல்லித் தர்றியா?"

3

பெரியவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு வீம்பு எதற்கு? முதல் வரைவில் அவளை வெறும் பிடிவாதக்காரி ஆக்கினேன். கதை படுத்துவிட்டது.

பிறகு சின்னவள் விஷயத்தைச் சொன்னாள். அப்பாவுக்குப் பக்கவாதம். கனத்த உடம்பு. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது பெரியவள்தான். போன வாரம் தூக்கும்போது அவளுடைய முட்டி மடங்கி, இருவரும் தரையில். அண்ணன் உடனே ஒரு முதியோர் இல்லத்தில் பேசிவிட்டான். இன்னொரு தடவை விழுந்தால் அங்கேதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். (அண்ணன் ஒருநாளும் தூக்கியதில்லை. அவனுக்கு இந்தக் கதையில் இதற்குமேல் இடமில்லை.)

4

கூடத்தில் சண்டை நடந்த அன்று மாலை வீட்டில் நடந்ததையும் சின்னவள்தான் சொன்னாள்.

"இடுப்பு, இடுப்பு!" என்று இவள். "தெரியும்டி!" என்று அவள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த அப்பா கோணிய வாயால், "நீங்க சண்டைய முடிச்சாத்தான்... நான் எந்திரிக்க முடியும்" என்றார்.

பெரியவள் பாதங்களை அகட்டி வைத்தாள். எவன் பார்த்தால் என்ன என்று இடுப்பைப் பின்னால் தள்ளித் தாழ்ந்தாள். அப்பாவின் இடுப்புப் பட்டையைப் பிடித்தாள். சின்னவள் கை நீட்டினாள்.

"தொடாத."

அப்பா பாதி எழுந்தார். பெரியவளின் முட்டி நடுங்கியது. உள்ளே சாயப் பார்த்தது

5

இங்கே நிறுத்தினால் கலைநயம் என்பார்கள். ஒரு மனிதரை அந்தரத்தில் தொங்கவிட்டுப் பேனாவை மூடுவதற்குப் பெயர் கலையா? அயோக்கியத்தனம். சொல்லிவிடுகிறேன்: முட்டி உள்ளே போகாமல் நின்றது. அப்பா எழுந்தார், திரும்பினார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெரியவள் நிமிர்ந்து, மூச்சு வாங்க, தங்கையைப் பார்த்து ஏதோ சொன்னாள். அதை மட்டும் சின்னவள் எனக்குச் சொல்லவில்லை. "அது எங்களுக்குள்ள" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாராட்டு என்று ஒரு முடிவு எழுதினேன்; இனித்தது, அடித்துவிட்டேன். வசவு என்று இன்னொன்று, அதுவும் பொருந்தவில்லை. போதும். உங்களுக்கு ஓர் அக்கா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். இல்லையென்றால், நான் எழுதியும் பயனில்லை.