பெரட்டில் சொன்ன காய்ச்சல்

ஒரே ஒரு சொல்லை எழுதி நாற்பது ராணுவ லாரிகளை எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வரவழைத்தவன் நான். அம்பாங்கான் ஒட்டுக்கடையில் இதை ஆரம்பித்தால் போதும், எதிரே இருக்கும், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் ஆறுமுகம் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, "லாரியா? ஒரே ஒரு வேன்லா, கிராணி ஐயா. அதுவும் டயர் தேஞ்சது," என்பார்.

தொண்ணூற்றொன்பது மார்ச். புக்கிட் பெலண்டோக் பன்றிப் பண்ணைகளில் மூளைக் காய்ச்சல். பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துச் சாலையையும் அடைத்துவிட்டார்கள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தோட்டத்தில் பேரேடு எழுதும் கிராணியான நான் உடனே சிரம்பான் சுகாதார இலாகாவுக்குப் போன் செய்ய வேண்டும்.

பால்மரம் வெட்டும் முத்தாயியை அவள் புருஷன் முனியாண்டி அடித்தால், பஸ் ஏறி ரஹாங்கில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த மாதம் பஸ் இல்லை.

விடியற்காலைப் பெரட்டில், வேலையாட்கள் வரிசையில் நிற்க, பேர் கூப்பிட்டேன். முத்தாயி மூன்றாவது நாளாக வரவில்லை.

"அவளுக்குக் காய்ச்சல், ஐயா," என்றான் முனியாண்டி.

அடித்த மறுநாள் அவன் எப்போதும் சொல்வது அதுதான். நானும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த பேருக்குப் போய்விடுவேன். பதினோரு வருஷம் அப்படித்தான் எழுதினேன்.

"யோசிச்சுச் சொல்லு. காய்ச்சலா?"

"காய்ச்சல்தான்."

சிரம்பானிலிருந்தே கண்ணாடி இல்லாமல் படிக்கலாம், அவ்வளவு பெரிதாக எழுதினேன். போனை எடுத்தேன்.

முகமூடி போட்டவர்கள் வந்து இறங்கினார்கள். முனியாண்டி கதவை மறித்து, "காய்ச்சல் இல்லீங்க, சும்மா சொன்னேன்," என்று கும்பிட்டான். யாரும் கேட்கவில்லை. பூட்டை உடைத்தார்கள்.

உள்ளே முத்தாயி தரையில் கிடந்தாள். உடம்பு சில்லென்றிருந்தது. தாடை உடைந்து வாய் மூட முடியவில்லை. மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிணம்தான் என்றார் டாக்டர்.

கோர்ட்டில், முத்தாயிக்கு அடுத்த வீட்டிலிருந்த இதே ஆறுமுகம் சாட்சி சொன்னார்: "ஒண்ணும் கேக்கல. விழுந்திருப்பா."

மாஜிஸ்திரேட் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. சாலை அடைபட்டது இவனுக்குத் தெரியுமா?

"தெரியும். பெரட்டில் நான்தான் படித்துச் சொன்னேன்."

ஓட வழியில்லாதவள் என்று தெரிந்தே அடித்ததற்காகத் தண்டனையைக் கூட்டினார். நாற்பது வருஷம்.

"நாலு," என்று திருத்துவார் ஆறுமுகம். "அதுவும் விழுந்த காயத்துக்கு."

போன வாரமும் அப்படித்தான் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே, "நேத்து ரஹாங்குல முத்தாயியப் பாத்தேன், மண்டோரே. இன்னும் ஒரு பக்கமாத்தான் மெல்லுறா. ஒங்க வீட்டுல எல்லாரும் சொகமான்னு கேட்டா," என்றேன்.

அவர் கிளாஸை வைத்தார்.

"லாரி பொய்," என்றார். "நாப்பது வருஷம் பொய்."

"சரி."

"மத்தது நடந்துச்சு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பலகச் செவருதான், கிராணி ஐயா. மூணு நாளும் கேட்டுச்சு. ரேடியோவ சத்தமா வச்சேன்."