சிட்டு வந்து கேட்டாள்

தையல் கடை மாடியில் இருந்த அந்த அறையைத் தேடிப் பிடித்தது குரலக்காதான். ஒலிப்புத்தகங்களுக்கும் விளம்பரங்களுக்கும் குரல் கொடுப்பது அவள் தொழில். அதனால் அந்தப் பெயர். முன்பொரு முறை கடும் காய்ச்சலில் அவள் சுருண்டு கிடந்தபோது, என்ன ஆயிற்று என்று ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. கேட்பதற்கு அலுவலகம் என்று ஒன்று இருந்தால்தானே? எழுந்து நடமாடத் தொடங்கியதும், தன்னைப் போலவே தனியாகத் தொழில் செய்பவர்களைக் கூட்டிச் சேர்த்தாள். புதன்கிழமைதோறும் அவரவர் வேலையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கு வந்து ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அட்டைப்படம் வரையும் ஓவியர், குறும்படங்களைத் தொகுக்கும் எடிட்டர், அப்புறம் சிட்டு.

சிட்டுவும் குரல் கொடுப்பவள்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "ஒரே தொழில்ல ரெண்டு பேரு. என்னிக்கு முட்டிக்கப் போறீங்களோ!" என்று எடிட்டர் கிண்டலடிப்பார். அவர்கள் முட்டிக்கொள்ளவில்லை. ஒருத்திக்கு ஒத்துவராத வேலையை மற்றவளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

பெரிய நாவல் ஒன்றைப் பாதிவரை பதிவு செய்திருந்த சமயத்தில் குரலக்காவுக்குத் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்தாள். குரல்நாணில் கட்டி என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை முடிந்ததும் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. "இப்பதான் வீடு நிம்மதியா இருக்கு" என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும், போய்ப் பாத்திரம் துலக்கத் தொடங்கினார்.

அந்த வாரமே சிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த நாவலை முதல்லேர்ந்து என்னைப் படிக்கச் சொல்றாங்க. நீங்க சரின்னா செய்றேன். வேணாம்னா விட்டுடுறேன். மனசுல இருக்கறத சொல்லுங்க."

'சொல்லுங்க' என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் சிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். குரலக்கா தலையை ஒரு தரம் ஆட்டியிருந்தால் போதும். மனம் இடம் கொடுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சிட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பேசலாம் என்று மருத்துவர் சொன்ன நாளில் வெளிவந்தது வேறு யாருடைய குரலோ போல இருந்தது. தரையில் நாற்காலியை இழுக்கும் கரகரப்பு. இனி இப்படித்தான் என்றும் சொல்லிவிட்டார்கள். குரலக்கா அறைப்பக்கம் போகவில்லை. யார் அழைத்தாலும் போனை எடுக்கவில்லை. தன் நாவலைச் சிட்டு படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்து வயிறெரிந்தாள். அந்த எரிச்சல்தான் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது.

ஒரு நாள் எடிட்டர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சிட்டு அந்த வேலையை எடுக்கல, தெரியுமா? யாரோ வெளியாள் படிச்சு முடிச்சாச்சு. நீங்களும் வரதில்ல, அவளும் வரதில்ல. நானும் ஓவியரும் எதிரெதிரா உக்காந்து முழிச்சிட்டிருக்கோம்." கொஞ்சம் தயங்கினார். "அவ உங்கள கேக்காமலே எடுத்திருக்கலாம். மெனக்கெட்டு வந்து கேட்டா."

 அவர் போனதும், இத்தனை நாளும் குரலக்கா பிடித்துத் தொங்கிய கயிறு அறுந்துவிட்டது. மறுநாள் காலையில் சிட்டுவின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"உள்ள வரலாமா?"

கதவைத் திறந்த சிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். வீட்டாரையும் மருத்துவரையும் தவிர வேறொருவர் அந்தக் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாக இருக்கிறது என்று சிட்டு பொய் சொல்லவில்லை.

"இதுதானாக்கா?"

"இதுதான். இதுக்கு மேல தேறாதாம்." குரலக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு வேணும்னுதான் மூஞ்சிய திருப்பிக்கிட்டேன்."

"தெரியும். அதான் விட்டுட்டேன்." சிட்டுவின் கண் நிறைந்தது. "ஆனா கோவம் இருக்கு. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அது எனக்கும் இல்லாம, உங்களுக்கும் இல்லாம போச்சு."

 இருவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை அதட்டவும் சிட்டு எழுந்து போகவில்லை.

புதன்கிழமை இருவரும் சேர்ந்தே மாடி ஏறினார்கள். குரலக்கா வாய் திறந்ததும் ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்மள்ல யாராவது விழுந்தா, அவங்க வேலையை இங்க இருக்கறவங்கதான் எடுத்துச் செய்யணும். படுத்துக் கிடக்கறவங்ககிட்ட போய் அனுமதி கேக்கக் கூடாது. அந்த நேரத்துல மனசு மனசா இருக்காது." அதற்குமேல் குரல் கம்மிவிட்டது. யாரும் வார்த்தை எடுத்துக்கொடுத்து அதை முடித்துவைக்கவில்லை. அவளே தண்ணீர் குடித்துவிட்டு முடித்தாள். "கேக்க வேணாம். எடுத்துக்கிட்டேன்னு சொன்னா போதும்."

எடிட்டர் சொல்லிவைத்து, பதிவான ஒலிப்புத்தகங்களைக் கேட்டுப் பிழை பிடிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. பிடித்த வேலை என்று சொல்ல முடியாது. சில நாள் நன்றாகப் போகும். சில நாள், ஒரு வாக்கியத்தைத் தன் பழைய குரல் எப்படிப் படித்திருக்கும் என்பது உள்ளுக்குள் கேட்டுவிடும். அப்போது காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நிற்பாள்.

அப்படிப் போகும்போது யாரும் பின்னால் வருவதில்லை. மேசையில் அவளுடைய இடத்தை மட்டும் விட்டுவைத்து வேலையைத் தொடர்வார்கள். அவள் திரும்பி வந்து உட்காரும்போது சிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். கொஞ்சம் நகர்ந்து, அவள் முழங்கைக்கு இடம் விடுவாள்.