நாகையா காசிலிருந்த யானை

திருத்தங்கல் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பட்டாசு லேபிள் வரைந்தவன் நான். அதில் கொடிகட்டிப் பறந்தது என் யானை. அது வந்த தீபாவளி சீசனில் யானை ஒட்டிய வெடியைப் போட்டதில் இலங்கையில் தேங்காய் உதிர்ந்ததாகக் கேள்வி.

யானைக்கு மாதிரி ஒரு பழங்காசு. தாயில்பட்டியில் என் கூட்டாளி நாகையாவின் அப்பா கருப்பணனுக்குப் பருத்திக்காட்டை உழும்போது கிடைத்தது. நாகையா இரண்டு நாள் இரவல் தந்தான். பச்சை படிந்த செம்பில் ஏதோ மிருகம் மங்கலாகத் தெரிந்தது. தெளிவாகப் பார்ப்போமே என்று புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தேன். காசு பளபளத்தது, மிருகம் போய்விட்டது. ஆர்டரோ அவசரம். கோயில் யானையை நினைத்து வரைந்து கொடுத்துவிட்டு, அச்சு அசல் பாண்டியர் யானை என்று அளந்தேன். துணியில் முடிந்து திருப்பிக் கொடுத்த காசை நாகையா பிரிக்காமலே பெட்டியில் போட்டுப் பூட்டினான்.

நாற்பத்தைந்து வருஷம் நாகையா நம்பினான். போன மாதம் விருதுநகரில் பழங்காசுகளைப் பதிவு செய்ய முகாம் போட்டார்கள். அப்பா பெயரில் கொடுத்தால் யானையோடு அவர் பெயரும் நிற்கும் என்று என்னையும் பஸ்ஸில் இழுத்துப்போனான். ஆமத்தூர் வருவதற்குள் ஏழு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஏழு தடவையும் மழையைப் பற்றிப் பேசினேன்.

முகாமில் சுகிர்தா என்ற ஆய்வாளர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பின்பக்கம் மீன் கோடுகள் இருக்கின்றன, முன்பக்கத்தை யாரோ தேய்த்தே அழித்துவிட்டார்கள் என்றார். நாகையா முகம் கறுத்துவிட்டது.

"செல்லத்தாய்தான் பாத்திரத்தோட போட்டுத் தேச்சிருப்பா. வீட்டுக்குப் போயி வச்சுக்கிடுதேன்."

செல்லத்தாய் அவன் மனைவி. என்னை உட்காரவைத்து நூறு மூட்டை அரிசியாவது பொங்கிப் போட்டிருப்பார்.

"அவுக இல்லலே. நான்தான்," என்றேன்.

கருப்பணன் பெயரையும் ஊரையும் மீனையும் எழுதி, விலங்கு தெரியவில்லை என்று ரசீது தந்தார்கள். திரும்பும்போது நாகையா எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்தான். ஆமத்தூரில்தான் என் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எங்கய்யா அதைக் காளைன்னுதாம்லே சொன்னாரு. ஊரு பூரா ஒன் யானையை ஒட்டுன பொறகு, தன் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டாரு. இப்பமாவது அவரு சொன்னதை வரை."

ரசீதை நீட்டினான். அதன் பின்புறத்தில் திமில் போட்டேன், கொம்பு போட்டேன். முன்னங்கால் ஒன்றைத் தூக்கிவைத்தேன். அவன் அதைக் கை நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"மூஞ்சி ஏம்லே தும்பிக்கை கணக்கா தொங்குது?"

"பஸ்சு குலுங்குதுல்ல," என்றேன்.

பஸ் திருத்தங்கலில் நின்று ஐந்து நிமிஷமாகியிருந்தது.